கதிர்ப்படம் எடுப்போரின் தகுதியும் உரிமமும்

நம்மூர் மருத்துவமனை ஒன்றுக்குச் செல்லும் நோயாளி, தம்மைப் பரிசோதிக்கப்போகும் மருத்துவரின் பெயரையும் பட்டங்களையும் வாயிற்பலகையிலேயே வாசித்துவிடுகிறார். மருந்துச் சீட்டில் அம்மருத்துவரின் பதிவெண் அச்சாகியிருக்கிறது. மருந்துக் கடைக்குப் போனால் அங்கே மருந்தாளுநரின் சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. ஊசி போடும் செவிலியரும் கவுன்சிலில் பெயர் பதிந்தவராக இருக்கவேண்டும் என்று சட்டம் விதித்திருக்கிறது. ஆனால் அதே நோயாளி, மருத்துவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டோடு எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரின் முன் தம் தேகத்தை நிறுத்தும்போது, அந்தக் கதிரை ஏவுகிறவர் யார், என்ன படித்தவர், எந்தப் பரீட்சையில் தேறியவர், எவரிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை அறிந்துகொள்ள அவருக்கு யாதொரு மார்க்கமும் இல்லை. படம் கவரில் வருகிறது. அறிக்கையின் கீழே கதிரியல் மருத்துவரின் கையெழுத்து இருக்கிறது. படத்தை எடுத்தவரின் சுவடு அதில் எங்கும் கிடையாது.

கதிர்ப்படம் எடுக்கும் தொழிலில் இறங்குகிற ஒவ்வொருவரும், அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் முறையாகப் பயின்று, தேசமனைத்துக்கும் பொதுவான ஒரு பரீட்சையில் தேறி, தம் சொந்தப் பெயரில் உரிமம் பெற்று, அதனைக் குறித்த காலத்துக்கொருமுறை புதுப்பித்துக்கொண்டு, பாரதூரமான தவறு இழைத்தால் அதை இழக்கவும் நேரிடும் என்ற உணர்வோடு பணிபுரிய வேண்டும் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். நோயாளியின் க்ஷேமம் இதற்கு முதற் காரணம். அந்தத் தொழிலால் ஜீவனம் நடத்துகிறவர்களின் கௌரவம் அதற்குச் சிறிதும் குறையாத இரண்டாவது காரணம்.

பொத்தானை அழுத்துவதுதானே வேலை, அதற்கு இத்தனை ஏற்பாடு எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஒரே ஒரு மார்புப் படம் எடுக்கப்படுவதைச் சற்று ஊன்றிக் கவனிக்கவேண்டும். காசநோய்ச் சந்தேகத்தின்பேரிலோ, அறுவைச் சிகிச்சைக்கு முன்னேற்பாடாகவோ, வேலையில் சேர்வதற்கான மருத்துவச் சான்றுக்காகவோ அன்றாடம் எடுக்கப்படுகிற, மிக எளியதென்று எல்லோரும் கருதுகிற படம் அது. "சட்டையைக் கழற்றிடுங்க, செயினையும் எடுத்து வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, ரேடியோகிராபர் நோயாளியைச் செங்குத்தான தட்டை நோக்கி நிறுத்துகிறார்; மார்பு தட்டோடு ஒட்டும்படி செய்து, முகவாயை உயர்த்தி, புறங்கைகளை இடுப்பில் ஊன்றச் சொல்லி, தோள்கள் இரண்டையும் மெல்ல முன்னுக்குத் தள்ளுகிறார். தோள்பட்டை எலும்புகள் நுரையீரலின்மேல் நிழலிடாமல் விலகிக்கொள்வதற்கான உபாயம் அது. எக்ஸ்ரே குழாய் நோயாளியின் முதுகுக்குப் பின்னால் ஏறக்குறைய ஆறடி தூரத்தில் இருக்கிறது. இதயம் மார்பின் முன்பக்கத்தை ஒட்டியிருப்பதால், முதுகுப்புறமிருந்து, அதுவும் போதிய தூரத்திலிருந்து கதிர் பாய்ந்தால்தான் இதயத்தின் நிழல் கிட்டத்தட்ட அதன் இயல்பான பருமனில் விழும். படுக்கையிலேயே கிடக்கும் நோயாளிக்கு முன்புறமிருந்து எடுக்க நேர்ந்தால் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும்; இன்ன நிலையில் எடுக்கப்பட்டது என்பதைப் படத்தில் குறிக்கத் தவறினால், இல்லாத இதய வீக்கம் ஒன்றுக்கு அந்த மனிதர் மேலும் பல பரிசோதனைகளுக்கு ஆளாகக்கூடும். "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே நிறுத்துங்க" என்ற அந்தப் பழகிய வாக்கியத்துக்கும் ஓர் அர்த்தம் இருக்கிறது. மூச்சு நிறைந்து உதரவிதானம் கீழே இறங்கினால்தான் நுரையீரலின் அடிப்பாகம் தெளிவாகத் தெரியும். அரைகுறை மூச்சில் எடுத்த படத்தில் ஆரோக்கியமான நுரையீரலே சளிக்கட்டு படிந்ததுபோல் மங்கித் தெரியும். காது மந்தமான முதியவருக்கும், இருமிக்கொண்டேயிருக்கும் நோயாளிக்கும், பயந்து அழும் குழந்தைக்கும் அந்த ஒரு நொடி மூச்சை எப்படி வரவழைப்பது என்பது எந்த இயந்திரத்தின் கையேட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இவ்வளவும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னர் நடக்கிறது. இதற்கிடையே, காலிமேட்டரின் வெளிச்சக் கட்டத்தைத் தேவையான பிரதேசத்துக்கு மட்டும் சுருக்கவேண்டும். மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் ஏற்றபடி மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தின் அளவையும் நிர்ணயிக்கவேண்டும். ஈயத்தாலான இடது, வலது அடையாள எழுத்தைச் சரியான பக்கத்தில் வைக்கவேண்டும். அந்தச் சிறிய எழுத்து இடம் மாறினால், நீர் கோத்த நுரையீரல் இருக்க நல்ல நுரையீரலின் பக்கத்தில் குழாய் செருகப்படும் அபாயம் உண்டு. குழந்தை பெறும் வயதிலிருக்கும் ஒரு பெண் வந்தால், அவள் கர்ப்பமாக இருக்கிறாளா என்பதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அந்தக் கேள்வியை மாமியாரும் கணவனும் உடன் நிற்கும் வரிசையில் உரக்கக் கேட்பவருக்கு உண்மையான பதில் கிடைக்காது; அவளை மட்டும் உள்ளே அழைத்து, "நாள் ஏதும் தள்ளிப்போயிருக்காம்மா?" என்று தணிந்த குரலில் கேட்பவருக்கே கிடைக்கும். சாஸ்திர ஞானமும் கைப்பழக்கமும் மனிதப் பண்பும் ஒருங்கே வேண்டப்படுகிற இந்தத் தொழிலைப் பொத்தான் அழுத்தும் வேலை என்று ஒதுக்குவது பெரும் அநியாயம்.

பிலிம் இருந்த காலத்தில் தவறு தன்னைத்தானே காட்டிக்கொடுத்தது. கதிர் அதிகமானால் படம் கறுத்துவிடும், குறைந்தால் வெளிறிவிடும், இருட்டறையிலிருந்து வெளியே வந்த மாத்திரத்தில் தவறு செய்தவருக்கே அது பிரத்தியட்சமாகிவிடும். இன்றைய டிஜிட்டல் முறையில் கணினி அந்தக் குறையைத் திருத்திக் காட்டிவிடுகிறது. கதிர் மிகக் குறைந்தால் மாத்திரம் படத்தில் புள்ளி புள்ளியாய் இரைச்சல் தெரியும். மிகுதியாகப் போனாலோ படம் முன்னிலும் தெளிவாக இருக்கும். மருத்துவர் திருப்தியடைவார்; நோயாளிக்கு எதுவும் தெரியாது; எடுப்பவரும், குறை கேட்காமலிருக்க வேண்டுமே என்ற எண்ணத்தில் நாளுக்கு நாள் அளவைச் சற்றுச் சற்றாக ஏற்றிக்கொண்டே போவது சாத்தியம். உலகெங்கும் கதிரியல் துறையினர் கவலையோடு பேசிவரும் இந்த மெதுவான ஏற்றத்தைத் தடுத்து நிறுத்தக்கூடியது, கருவியின் முன் நிற்பவரின் கல்வியும் மனச்சாட்சியுமே.

இதைப் படித்துவிட்டு எக்ஸ்ரே என்றாலே ஒருவரும் பயப்படவேண்டாம். இயற்கையாகவே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் உலகில் ஒரு மனிதர் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைப் பெறுகிறார். சாதாரணமாக எடுக்கப்படும் ஒரு மார்புப் படத்தின் அளவு ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதிலும் குறைவு. அவசியம் நேரும்போது எடுத்துக்கொள்ளும் படத்தால் விளையும் நன்மை, அதன் அபாயத்தைவிடப் பன்மடங்கு பெரியது. ஆனால் வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேன் 8 முதல் 10 மில்லிசீவர்ட் வரை செல்கிறது. அதாவது இயற்கை மூன்று நான்கு ஆண்டுகளில் தருவதை அது சில விநாடிகளில் தந்துவிடுகிறது. குழந்தைகளின் தேகமோ பெரியவர்களுடையதைக் காட்டிலும் கதிருக்கு எளிதில் பாதிப்படைவது. பெரியவருக்குரிய அளவிலேயே குழந்தையையும் ஸ்கேன் செய்துவிட்டால், படம் நன்றாகவே வரும். கேடு மட்டும் பதிவாகாமல் உள்ளே தங்கும்.

இந்த அறிவு ஆய்வுக்கூடத்தில் சுலபமாகக் கிடைத்ததன்று. 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரோண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்து, அடுத்த மாதமே தம் மனைவியின் கை எலும்புகளைப் படமாக்கினார். சில மாதங்களுக்குள் உலகமெங்கும் அக்கதிர் ஓர் அதிசயமாய்ப் பரவிற்று. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி என்பவர், குழாய்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்பதைத் தம் கையையே கதிரின்முன் நீட்டி நீட்டிச் சோதித்தார். கைகள் புண்ணாகி, புண் புற்றாகி, கைகளை வெட்டியெடுத்தும் பயனின்றி 1904இல் அவர் மாண்டார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். டாலியைப்போல் உயிர் நீத்த மருத்துவர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் தொழில்நுட்பவியலாளர்களுக்கும் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து மருத்துவமனை ஒன்றின் தோட்டத்தில் 1936இல் நினைவுக்கல் நாட்டப்பட்டது. தூரம், மறைப்பு, நேரம் என்று இன்று மாணவர்கள் வகுப்பில் மனனம் செய்யும் பாதுகாப்பு விதிகள் எல்லாம் அந்த மனிதர்களின் தேகத்தைக் கொடுத்து வாங்கப்பட்டவை.

நம் தேசத்தில் கதிர்வீச்சைக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லையென்று சொல்லிவிட முடியாது. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் இருக்கிறது. 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. சி.டி. கருவிக்கு லைசென்ஸும் சாதாரண எக்ஸ்ரே கருவிக்குப் பதிவும் பெறாமல் எவரும் அதை இயக்கலாகாது. அறையின் சுவர் எத்தனை கனமாக இருக்கவேண்டும், கதவில் ஈயத்தகடு இருக்கிறதா, பாதுகாப்பு அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா என்றெல்லாம் வாரியம் கேட்கிறது. கதிரோடு வேலை செய்பவர் மார்பில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே, டி.எல்.டி. பேட்ஜ் அணிந்திருக்கவேண்டும்; அந்தச் சிறு பேட்ஜ் மூன்று மாதங்களுக்கொருமுறை பரிசோதனைச்சாலைக்குப் போய், அவர் எவ்வளவு கதிரை ஏற்றார் என்ற கணக்கைத் தந்துவிடும். ஐந்தாண்டுச் சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30 என்பது அவருக்கான உச்சவரம்பு. இவையனைத்தும் போற்றத்தக்க ஏற்பாடுகளே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆயினும் இந்த ஏற்பாடு முழுவதும் கருவியை மையமாக வைத்து எழுப்பப்பட்டது. தகுதியுள்ள ஒருவர்தான் இயக்கவேண்டும் என்று வாரியம் சொல்வது மெய்தான். ஆனால் அது கருவியின் சொந்தக்காரருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. அவர் தகுதியுள்ள ஒருவரின் சான்றிதழை விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்புகிறார், அனுமதி வருகிறது, அதன் பிறகு இரவு இரண்டாம் ஜாமத்தில், விபத்தில் அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வரும்போது, கருவியின் முன் நிற்பவர் சான்றிதழில் பெயருள்ள அதே மனிதர்தானா, அல்லது அவருக்கு ஒத்தாசையாக இருந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேறொருவரா என்பதை யார் கண்டார்? அப்படிக் கற்றுக்கொண்ட பையனையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். குறைந்த சம்பளத்தில் அவனை அங்கே நிறுத்துகிறவரையும், நிறுத்த இடம் கொடுக்கிற ஏற்பாட்டையுமே குற்றம் சொல்லவேண்டும்.

அமெரிக்க தேசத்தில் இந்தப் பிரச்சினையைச் சுமார் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எடுத்துக்கொண்டார்கள். 1922இல் அங்கே கதிர்ப்படத் தொழிலருக்கென ஒரு பதிவகம் தொடங்கப்பட்டது, ஏ.ஆர்.ஆர்.டி. என்று இன்று வழங்கும் அமைப்பு அதுவே. அதன் பரீட்சைக்கு உட்காருவதற்கு 2015 முதல் ஒரு கல்லூரிப் பட்டயமாவது வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்திருக்கவேண்டும். நியமிக்கப்பட்ட பரிசோதனைகளை நோயாளிகளிடம் நேரில் செய்துகாட்டித் தேர்ச்சி பெற்றிருக்கவேண்டும். நன்னடத்தை விஷயத்தில் களங்கம் இருக்கலாகாது. பரீட்சையில் மதிப்பெண்ணுக்குரிய வினாக்கள் 200. நோயாளி பராமரிப்பு, கதிர்ப் பாதுகாப்பு, பட உருவாக்கம், பரிசோதனை முறைகள் என்ற நான்கு துறைகளிலிருந்தும் அவை வருகின்றன. மூன்று ஆண்டுகளுக்குள் மூன்று தடவைதான் முயலலாம். தேறியபின்னும் விடுதலையில்லை: இரண்டாண்டுக்கொருமுறை 24 அலகு தொடர்கல்வி பெறவேண்டும், 2011 முதல் சான்று பெற்றவர்கள் பத்தாண்டுக்கொருமுறை தம் அறிவை மறுபடியும் மதிப்பிட்டுக் காட்டவேண்டும். இது தனியார் அமைப்பின் சான்று. சட்டப்படியான உரிமத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் தனியே வழங்குகின்றன, அதற்கு இந்தப் பரீட்சையையே அளவுகோலாகவும் கொள்கின்றன. குறைந்தபட்சத் தரங்களை வகுக்க 1981இல் மத்திய சட்டம் ஒன்று வந்தபோதிலும் மாநிலங்களை அது கட்டாயப்படுத்தவில்லையாதலால், உரிமமே கேட்காத மாநிலங்களும் அங்கே உண்டு. அந்தக் குறையை நாம் பின்பற்றவேண்டியதில்லை.

உரிமம் இருந்துவிட்டால் தவறே நடக்காது என்று நான் வாதிடவில்லை. 2008இல் வட கலிபோர்னியாவில், கட்டிலிலிருந்து விழுந்த இரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கழுத்தில் சி.டி. எடுக்க முனைந்த ஒரு தொழில்நுட்பவியலாளர், சில நிமிஷங்களில் முடியவேண்டிய பரிசோதனையை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, நூற்றுக்கும் அதிகமான தடவை திரும்பத் திரும்பச் செய்தார். குழந்தையின் முகத்தில் கதிர் பட்ட இடம் சிவந்த கோடாய்த் தெரிந்தது. அவர் உரிமம் பெற்றவர்தான். ஆனால் உரிமம் என்ற ஒன்று இருந்ததனால், விசாரிக்க ஓர் அதிகாரம் இருந்தது. முடிவில் அவ்வுரிமம் பறிக்கப்பட்டது. வேறொரு மருத்துவமனைக்குப் போய் மறுநாளே அதே கருவியின்முன் நிற்க அவரால் முடியாமற் போயிற்று. அந்த மாநிலம் 2010இல், ஒவ்வொரு சி.டி. பரிசோதனையிலும் செலுத்தப்பட்ட கதிரின் அளவை எழுத்தில் பதியவேண்டும் என்று சட்டமும் செய்தது. அப்படியொரு சம்பவம் நம் மாவட்டத் தலைநகர் ஒன்றில் நேர்ந்தால், பறிப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? வேலையிலிருந்து நீக்கலாம். அடுத்த தெருவிலுள்ள ஸ்கேன் சென்டரில் அன்று மாலையே அவருக்கு வேலை கிடைத்துவிடும். அங்கிருப்பவர்கள் விசாரித்தறியவும் வழியில்லை.

புதுப்பித்தல் ஏன் வேண்டும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். இடுப்புப் பகுதியைப் படமெடுக்கையில் நோயாளியின் இனப்பெருக்க உறுப்புகளின்மேல் ஈயத்தகடு வைத்து மறைக்கவேண்டும் என்பது பல பத்தாண்டுகளாக மாணவர்களுக்குப் புகட்டப்பட்டுவந்த பாடம். வைக்காதவரைக் கவனக்குறைவுள்ளவர் என்றே கருதினார்கள். 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம், இந்த வழக்கத்தை விட்டுவிடலாம் என்று அறிவித்தது. 2021இல் அந்நாட்டின் கதிர்ப் பாதுகாப்புக் குழுவும் அதே முடிவுக்கு வந்தது. தகடு இடம் விலகினால் பார்க்கவேண்டிய பாகத்தையே மறைத்துவிடுகிறது. படத்தை மறுபடி எடுக்க நேர்கிறது. கருவியின் தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டின் குறுக்கே அது வந்தால் கதிரின் அளவே ஏறிவிடுகிறது. அது காக்கும் என்று நம்பப்பட்ட அபாயமோ முன்னர் எண்ணியதைவிட மிகச் சிறியது என்று தெரியவந்திருக்கிறது. நேற்றுவரை கடமையாக இருந்தது இன்று தவிர்க்கத்தக்கதாகிவிட்ட இந்த மாற்றத்தை, 1995இல் டிப்ளமா வாங்கி, அதன்பின் ஒரு வகுப்புக்கும் அழைக்கப்படாத நம் ஊர் ரேடியோகிராபருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

அன்றைய சென்னை மாகாணம் இத்தகைய விஷயங்களில் பின்தங்கிய பிரதேசமாக இருக்கவில்லை என்பதை நினைக்கும்போது என் ஆதங்கம் அதிகரிக்கிறது. மருத்துவர்களைப் பதிவுசெய்யும் சட்டம் இங்கே 1914இலேயே வந்துவிட்டது. செவிலியர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் 1926இல் வந்தது. மருந்தாளுநர்களுக்கு 1948இல் தேசமுழுமைக்குமான சட்டம் வந்தது. கதிரியல் துறையிலோ, சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவைக் கட்டி வளர்த்த காப்டன் பர்னார்டின் பெயரால், 1934இலேயே இங்கே பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டு, இன்றுவரை மாணவர்களைப் பயிற்றுவித்து வருகிறது. கருவியையும் கல்வியையும் அவ்வளவு சீக்கிரமே கொண்டுவந்த நாம், அக்கல்வியைப் பெற்றவரைப் பெறாதவரிடமிருந்து பிரித்துக் காட்டும் பதிவேடு ஒன்றை உண்டாக்கும் எண்ணத்துக்கு வருவதற்கு 2021 வரையில் காத்திருந்தோம்.

அந்த ஆண்டில் பாராளுமன்றம் துணை மருத்துவ, சுகாதாரத் தொழிலருக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றிற்று. கதிரியல், படமெடுப்பு, கதிர்ச் சிகிச்சைத் தொழில்நுட்பம் அதன் அட்டவணையில் தனிப் பிரிவாக இடம்பெற்றிருக்கிறது. தேசிய ஆணையமும் மாநிலக் கவுன்சில்களும் பதிவேடுகளும், நுழைவுப் பரீட்சையும் முடிவுப் பரீட்சையும் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. துணை மருத்துவத் தொழிலர் எனப்படுவதற்குக் குறைந்தபட்சம் 2000 மணி நேரக் கல்வி, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பெற்றிருக்கவேண்டும் என்றும் விதித்திருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் 2024 ஆகஸ்டில், சட்டம் வந்து மூன்று வருஷங்கள் கடந்தபின்னரும் அது நடைமுறைக்கு வராததைக் கண்டு உச்ச நீதிமன்றம் அதிருப்தி தெரிவித்து, மத்திய அரசும் மாநிலங்களும் இரண்டு மாதங்களுக்குள் அமல்படுத்தவேண்டும் என்று உத்தரவிட நேர்ந்தது. கோடிக்கணக்கான ஜனங்களின் தேகத்தைத் தொடும் ஒரு சட்டத்துக்கு நீதிமன்றம் தள்ளிக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதை நான் மிகுந்த வேதனையோடு எழுதுகிறேன்.

உரிமப் பரீட்சை என்றால் நம் இளைஞர்கள் மிரண்டுபோவார்கள் என்று வாதிப்போர், வளைகுடா நாடுகளுக்குப் போகும் நம் பிள்ளைகளைப் பார்க்கவில்லை போலும். துபாயிலோ சவூதியிலோ ரேடியோகிராபராக வேலைக்குச் சேர விரும்பும் திருநெல்வேலிப் பையனும் தஞ்சாவூர்ப் பெண்ணும், 'ப்ராமெட்ரிக்' என்று அவர்களுக்குள் வழங்கும் அந்தத் தகுதிப் பரீட்சைக்காக மாதக்கணக்கில் படிக்கிறார்கள். நண்பர்களிடமிருந்து வினாத்தொகுப்புகளைப் பெற்று இரவெல்லாம் பயில்கிறார்கள். கணினி முன் உட்கார்ந்து எழுதித் தேறுகிறார்கள். அந்நாட்டு நோயாளியின் பொருட்டு அந்நாட்டு அரசாங்கம் கேட்கும் தகுதியை, நம் சொந்த ஜனங்களின் பொருட்டு நாம் கேட்கவில்லை. பிரிட்டனிலும் ரேடியோகிராபர் என்ற பெயரைப் பதிவில்லாதவர் போட்டுக்கொள்வதே குற்றம். மலேசியாவும் சிங்கப்பூரும் தங்கள் துணை மருத்துவத் தொழிலர்களைப் பதிவு முறைக்குள் கொண்டுவந்துவிட்டன.

உரிமம் இல்லாமையால் மிக அதிகமாக நஷ்டப்படுகிறவர்கள் யாரென்று யோசித்தால், முறையாகப் படித்தவர்களே என்று சொல்லவேண்டும். அரசு மருத்துவக் கல்லூரியில் டிப்ளமாவோ, டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமோ பெற்று, உடற்கூறும் கதிர் இயற்பியலும் கற்று, இரவுப் பணியில் நின்று பழகி வந்த ஒரு பெண், தனியார் ஸ்கேன் நிலையத்தில் வேலை கேட்கிறாள். பஸ் நிலையத்தருகே மாடி அறையில் நடக்கும் பயிற்சிக்கூடத்தில் ஆறு மாதச் சான்றிதழ் வாங்கியவன் அதே வேலைக்குக் குறைந்த சம்பளத்தில் வரத் தயாராக இருக்கிறான். இருவருக்குமிடையே சட்டத்தின் கண்ணில் வெளிப்படையாய்த் தெரியும் கோடு எதுவும் இல்லை. ஆகவே அவளுடைய சம்பளம் அவனுடைய சம்பளத்துக்கு இறங்குகிறது. அவனும் ஏமாற்றப்பட்டவன்தான்: தாயின் நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தி அவன் வாங்கிய காகிதம், 2000 மணி நேரம் கேட்கும் சட்டம் உயிர்பெறும் நாளில் செல்லாக்காசாகிவிடும். அத்தகைய கூடங்கள் விளம்பரப் பலகை வைத்து வியாபாரம் செய்வதற்கு இன்னும் இடம் இருப்பதே, சட்டத்தை அமல்படுத்தாத ஒவ்வொரு மாதத்தின் விலை.

கிராமங்களிலும் சிற்றூர்களிலும் ஆள் கிடைப்பதே அரிது, உரிமத்தைக் கட்டாயமாக்கினால் எக்ஸ்ரே அறைகளைப் பூட்டவேண்டியதாகும் என்ற ஆட்சேபம் நேர்மையானது. அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் முதல் உலக யுத்தத்தில், குண்டடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் விழுந்துகொண்டிருந்தபோது, மேரி க்யூரி அம்மையார் எக்ஸ்ரே கருவிகளை வண்டிகளில் ஏற்றிப் போர்முனைக்கு அனுப்பியதோடு நின்றுவிடவில்லை. அவற்றை இயக்குவதற்கென்றே ஏறத்தாழ 150 பெண்களைப் பாரிஸில் பயிற்றுவித்தார். அந்த அவசரத்திலும் கருவியோடு பயிற்சி பெற்ற ஆளையும் சேர்த்தே அனுப்பவேண்டும் என்று அவர் கண்டார். பற்றாக்குறைக்குப் பரிகாரம் பயிற்சி இடங்களைப் பெருக்குவதுதான். நம் மாநிலத்தில் ஏறக்குறைய எல்லா மாவட்டங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கையில், பயிற்சிக்கு வேண்டிய கருவியும் நோயாளிகளும் ஆசிரியர்களும் இல்லையென்று சொல்ல எவருக்கும் நியாயமில்லை.

இருபது முப்பது வருஷங்களாக இந்த வேலையைச் செய்துவரும் மூத்தவர்களின் விஷயத்தில் மட்டும் கடுமை கூடாது என்று வற்புறுத்திச் சொல்லுவேன். அவர்களில் பலருக்கு, இளைய பட்டதாரிக்குத் தெரியாத நுட்பங்கள் கைவசமிருக்கின்றன. முறிந்த தொடையோடு துடிப்பவரை நோகாமல் திருப்பும் வித்தையை அவர்களிடம்தான் கற்கவேண்டும். அவர்களுக்கு அனுபவத்தின் அடிப்படையில் தற்காலிகப் பதிவு அளித்து, ஐந்து வருஷ அவகாசத்துக்குள், வேலையிலிருந்துகொண்டே எழுதக்கூடிய வகையில், கதிர்ப் பாதுகாப்பையும் நோயாளி நலனையும் பற்றிய ஒரு பரீட்சையை நடத்தவேண்டும். அந்தப் பரீட்சையின் செய்முறைப் பகுதியை அவரவர் பணிபுரியும் மருத்துவமனையிலேயே பார்த்து மதிப்பிடலாம். எழுத்துப் பகுதியைத் தமிழிலும் எழுத அனுமதிக்கவேண்டும். கட்டணம் ஒரு நாள் சம்பளத்துக்கு மேற்படலாகாது. புதிதாக வருவோருக்கு, சட்டம் சொல்லும் முடிவுப் பரீட்சையைத் தேதி குறித்து அறிவிக்கவேண்டும். மாநிலக் கவுன்சிலின் பதிவேட்டை, எந்த நோயாளியும் பெயரையோ எண்ணையோ இட்டுத் தேடிப் பார்க்கும்படி பொதுவில் வைக்கவேண்டும். படத்தின் மூலையில் நோயாளியின் பெயரும் வயதும் தேதியும் அச்சாவதோடு, எடுத்தவரின் பதிவெண்ணும் அச்சாகவேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கருவிக்கு அனுமதி தரும்போது, இயக்குபவரின் பெயரைக் கவுன்சிலின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாட்டை இரு அமைப்புகளும் சேர்ந்து செய்யவேண்டும். வாரியத்தின் விண்ணப்பங்கள் எல்லாம் இப்போதே கணினி வழியில்தான் நடைபெறுவதால், இதற்குப் புதிதாக ஒரு கட்டடமோ பெருஞ் செலவோ தேவைப்படாது. அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில், இவற்றில் எது எது எந்தத் தேதிக்குள் நிறைவேறும் என்பதைச் சுகாதார அமைச்சர் சபையில் எழுத்து மூலம் வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.